பார்த்தேன் என்று சொல்லும் முன்



சென்ற ஆவணியில் ஓர் இரவு, இஷா தொழுகையை முடித்துக்கொண்டு நாங்கள் மூவரும் திருச்சி பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குச் சென்றோம். மூவர் என்பது ஒரு தாய் வயிற்றில் பிறந்த மூவர். எங்கள் அத்தா வஃபாத்தாகி அப்போது பத்து மாதங்கள் ஆகியிருந்தன. அத்தாவின் நாற்பதாண்டு கால நண்பர் ஒருவர் ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் வசிக்கிறார். பொன்மலை ரயில்வே பணிமனையில் அத்தா லேத்தில் நின்று வேலை செய்த காலத்தில், அவர் அங்கே வரைபடப் பிரிவில் இருந்தார். சிறு வயது முதல் நாங்கள் அவரை மாமா என்றே அழைத்து வருகிறோம். பெருநாளன்று நாங்கள் கொண்டு போகும் பழத்தட்டும், தீபாவளிக்கு அவர் கொண்டு வரும் மைசூர்பாகும் காவிரிப் பாலத்தைக் கடந்து போய்வராத ஆண்டு இல்லை.

அன்று மாலை அவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். "உங்க அத்தாவுக்கு ஒரு நட்சத்திரத்தைக் காட்டணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள அவர் போயிட்டார். நீங்களாவது வந்து பாருங்கோ" என்றார். அத்தாவின் பெயரால் வந்த அழைப்பைத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் மாமா ஒரு மூன்றங்குலத் தொலைநோக்கி வாங்கி வைத்திருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போனோம். ராஜகோபுரத்தின் விளக்குகள் முதுகுப்புறம் இருந்தன. எதிரே மணற்படுகை இருண்டு கிடந்தது. தென்மேற்கே கேட்டை விண்மீன் சிவந்து நின்றது. கிழக்கே திருவோணம் ஏறி வந்துகொண்டிருந்தது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில், சற்று வடக்கே தள்ளி, கூர்ந்து பார்த்தால் மட்டுமே புலப்படும் ஒரு மங்கலான புள்ளியை மாமா காட்டினார். வானியலார் அதனை 70 ஒஃபியூக்கி என்று எண்ணிட்டு அழைக்கின்றனர். பாம்பைப் பிடித்து நிற்கும் மனிதனாக முன்னோர் கற்பனை செய்த விண்மீன் கூட்டத்தில் அது இருக்கிறது. அதன் அயலில் உள்ள ரஸல்ஹேக், செபல்ராய் என்னும் விண்மீன்களின் பெயர்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. முன்னது பாம்பாட்டியின் தலை. பின்னது இடையனின் நாய்.

தொலைநோக்கியில் கண் வைத்தபோது அந்தப் புள்ளி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மஞ்சள் நிறம். மற்றொன்று சற்றே மங்கி, செம்மை கலந்தது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 16.6 ஒளியாண்டுத் தொலைவில் இவ்விரு சூரியன்களும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 88 ஆண்டுகள் ஆகும். இது இரட்டை விண்மீன் என்று 1779-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார்.

"வேற சூரியனைச் சுத்தி ஒரு கிரகம் இருக்குன்னு கணக்குப் போட்டு முதன்முதலா உலகத்துக்குச் சொன்னது எந்த ஊர் தெரியுமோ? நம்ம சென்னப்பட்டணம்" என்றார் மாமா.

நாங்கள் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் ஒன்று இருந்தது. 1792 என்ற ஆண்டும் தமிழ் எழுத்துகளும் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. அந்த வானாய்வகத்தின் தலைவராயிருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 1855-இல் இந்த 70 ஒஃபியூக்கியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்விரு விண்மீன்களும் கணக்கு சொல்லும் பாதையில் சரியாகச் செல்லவில்லை, சிறிது தடம் மாறுகின்றன, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அவற்றுடன் இருந்து இழுப்பதாகக் கொள்வதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு என்பது அவர் எழுதியதன் சாரம்.

மாமா அதனை அத்தாவின் மொழியிலேயே விளக்கினார். "உங்க அத்தா லேத்துல நிக்கறச்சே பார்த்திருக்கேளா? ஜாப் சென்டர்ல உக்காரலைன்னா சுத்தறப்போ ஆட்டம் காட்டும். ஆட்டத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் கனம் அதிகம்னு சொல்லிடுவார். அதேதான் இது."

அதைக் கேட்டதும் எங்களுக்கு அத்தாவின் இன்னொரு சொல் நினைவுக்கு வந்தது. பணிமனையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் முதலில் கற்றுக் கொடுத்ததாக வீட்டில் அடிக்கடி சொல்லுவார். டயல் கேஜின் முள் ஆடினால் உடனே ஜாப்பைக் குறை சொல்லாதே. கேஜைப் பிடித்திருக்கும் ஸ்டாண்ட் ஆடுகிறதா என்று முதலில் பார் என்பதே அது.

ஜேக்கப்பின் கேஜில்தான் ஆட்டம் இருந்தது. அவர் அளக்க முயன்றவை ஒரு விகலையின் பின்னங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் அது எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, அதுவே ஏறத்தாழ ஒரு விகலை. அந்த நாணயத்தின் ஒரு கீற்றளவு வேறுபாட்டைக் கண்ணால் அளந்து, அதன்மேல் ஒரு கோளை அவர் நிறுத்தினார். அப்படி ஒரு கோள் அங்கே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதாக நம்பியதையே எழுதினார். உடல் நலம் குன்றிச் சென்னையை விட்டுச் சென்ற அவர், 1862-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்தபோது புனேயில் காலமானார்.

இந்த இடத்தில் மாமா பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் ஏன் இந்த விண்மீனை அத்தாவுக்குக் காட்ட விரும்பினார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் செல்ல வேண்டும்.

ஒவ்வொரு பிறை மாதமும் இருபத்தொன்பதாம் நாள் மக்ரிப் வேளையில் அத்தா மாடிக்கு ஏறிவிடுவார். மலைக்கோட்டைக்கு இடப்புறமாக மேற்கு அடிவானத்தைப் பார்த்து நிற்பார். ரமலானுக்கும் ஷவ்வாலுக்கும் மட்டுமன்று, யாரும் தேடாத மாதங்களிலும் தேடுவார். எங்கள் மஹல்லாவில் அவருடைய கண்ணுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவர் பார்த்தேன் என்றால் ஜமாஅத்தார் மறு பேச்சின்றி ஏற்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ரமலான் பங்குனி மாதத்தில் முடிந்தது. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் அத்தா மாடிக்குச் சென்றார். எங்களுள் ஒருவர் உடன் சென்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. அடிவானம் புழுதி படிந்து மங்கியிருந்தது. சற்று நேரத்தில் அத்தா கையை நீட்டி, "அதோ, அந்தத் தென்னைக்கு மேலே, வெள்ளையா ஒரு கீத்து. தெரியுதாத்தா?" என்றார். உடன் நின்றவர், "தெரியுது" என்றார். இருவரும் பள்ளிவாசலுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள். சாட்சி இரண்டு ஆயிற்று. தக்பீர் முழங்கியது, மறுநாள் பெருநாள் என்று அறிவிக்கப்பட்டது. நகரத்தின் வேறு சில மஹல்லாக்களில் நோன்பு தொடர்ந்தது.

பெருநாளன்று மாலை எல்லோரும் பார்க்கும்படியாகப் பிறை தென்பட்டது. நூலிழை போன்று, தாழ்ந்து, சற்று நேரத்தில் மறைந்துபோனது. இரண்டாம் பிறைக்குரிய தடிப்பு அதில் இல்லை. அத்தா ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனார். மாமா பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்தார். முந்திய நாள் அமாவாசை முடிந்து மூன்று நாழிகை ஆவதற்குள் சூரியன் மறைந்திருந்தது. பிறந்து பதினைந்து மணி நேரம்கூட ஆகாத பிறை வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதே அரிதினும் அரிது. அத்தா கண்டதாகச் சொன்ன பிறைக்கோ ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

பிறையைக் கண்ணால் காண்பதா, கணக்கால் கொள்வதா என்ற விவாதத்தை இங்கே எழுப்புவது எங்கள் நோக்கமன்று. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வந்தது அத்தா அடுத்துச் செய்த செயலை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். "நான் பார்த்தது பிறை இல்லை. மேலே போன விமானம் விட்ட புகையா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். பிறை இல்லை. என் சொல்லை நம்பி நீங்க ஒரு நோன்பை விட்டுட்டீங்க. என்கூட சாட்சி சொன்ன பிள்ளை என் விரலைப் பார்த்துத்தான் சொன்னது. அதையும் என் கணக்குலயே வச்சிடுங்க. என்னை மன்னிச்சு, அந்த ஒரு நோன்பைக் களாப் பண்ணிடுங்க" என்றார். இமாம் ஹஜ்ரத் அவர்கள் அதனை ஏற்று, களா நோன்பின் சட்டத்தை விளக்கிவிட்டு துஆ ஓதினார்கள்.

ஆனால் ஊர் அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை. முடிந்துபோனதைக் கிளறி நம் மஹல்லாவை மற்றவர்கள் முன் தலைகுனிய வைத்துவிட்டார் என்றார்கள் சிலர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றார்கள் வேறு சிலர். அடுத்த ரமலானிலிருந்து பிறை கேட்டு யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அத்தா மட்டும் வழக்கம்போல் ஒவ்வோர் இருபத்தொன்பதாம் மாலையும் மாடிக்கு ஏறினார். பிறை தெரிந்தால் துஆ ஓதிவிட்டு இறங்கி வருவார். வெளியே சொல்ல மாட்டார். கண்ணில் புரை விழும் வரை இது தொடர்ந்தது.

மீண்டும் கொள்ளிடக் கரைக்கு வருகிறோம். ஜேக்கப்புக்குப் பின் அந்த விண்மீனுக்கு நேர்ந்ததை மாமா தொடர்ந்து சொன்னார். 1890-களில் அமெரிக்காவில் டி.ஜே.ஜே. ஸீ என்னும் வானியலார், தாமும் அதே விண்மீனில் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்றைக் கண்டதாகவும், அது 36 ஆண்டுகளில் சுற்றி வருவதாகவும் அறிவித்தார். அப்படி ஓர் அமைப்பு நிலைத்திருக்க இயலாது, சிதறிப் போய்விடும் என்று 1899-இல் ஃபாரஸ்ட் ரே மோல்ட்டன் கணக்கிட்டுக் காட்டினார். ஸீ தம் பிழையை ஏற்காமல் கடுஞ்சொற்களால் மறுப்பு எழுதினார். அதன் பிறகும் 1943-இல் ரெய்ல், ஹோம்பெர்க் என்னும் இருவர் அதே விண்மீனில் மீண்டும் ஒரு துணையைக் கண்டதாக அறிவித்தார்கள். அதுவும் நிற்கவில்லை. இன்று வரை 70 ஒஃபியூக்கியில் எந்தக் கோளும் உறுதி செய்யப்படவில்லை.

"ஒருத்தர் விரலை நீட்டிட்டா, அடுத்தவாளுக்கும் அங்கே ஏதோ தெரிய ஆரம்பிச்சுடறது" என்றார் மாமா. அவர் எந்த உள்நோக்கமும் இன்றிச் சொன்ன சொல் அது. எங்களுள் ஒருவருக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாடியில் அவர் எதையும் பார்க்கவில்லை. தென்னையைப் பார்த்தார், அதற்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்தார், அத்தாவின் விரலைப் பார்த்தார். அத்தா பார்த்ததைத் தாம் பார்க்கவில்லை என்று சொல்ல நாணினார். அத்துடன், மறுநாள் பெருநாள் என்ற ஆசையும் அந்த வயதில் இருந்தது. முப்பது ஆண்டுகளாக யாரிடமும் இதனைச் சொல்லவில்லை. அத்தா பிழையாகக் கண்டார். இவரோ காணாமலே சாட்சி சொன்னார். அத்தாவின் சாட்சியில் இருந்தது பிழை மட்டுமே. இவருடையது பொய். ஜும்ஆவில் எழுந்து நின்றவர் அத்தா மட்டுமே. இவர் மூன்றாவது ஸஃப்பில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் எல்லோருடனும் சேர்ந்து களா நோன்பை நோற்றார். ஆனால் சொல்லவில்லை.

அத்தாவுக்கு இது தெரிந்திருந்ததா? தம் விரலைப் பார்த்துத்தான் பிள்ளை சொன்னது என்று சபையில் சொன்னாரே, அது பிள்ளையைக் காக்கச் சொன்னதா, அறிந்தே சொன்னதா? அவர் இறுதிவரை கேட்கவில்லை. நாங்களும் கேட்டு அறியும் வாய்ப்பை இழந்துவிட்டோம். எங்கள் மூவருள் அந்த ஒருவர் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தச் சொல்லை இப்போது மூவரும் சேர்ந்தே சுமக்கிறோம். அந்த ஆண்டு ஒரு நோன்பை விட்ட எங்கள் மஹல்லாவாசிகளிடம் இந்தக் கட்டுரையின் வாயிலாக மன்னிப்புக் கேட்கிறோம்.

மாமா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முழுக் கதையையும் கேட்டுட்டுப் போங்கோ. உங்க அத்தாகிட்ட சொல்லணும்னு நெனச்சதே இனிமேதான் வரப்போறது" என்றார்.

1991-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லைன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு துடிப்பு விண்மீனைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக நேச்சர் இதழில் அறிவித்தார்கள். துடிப்பு விண்மீன் என்பது வெடித்து ஓய்ந்த ஒரு பெரிய விண்மீனின் எஞ்சிய கரு. அது மிக வேகமாகத் தற்சுழற்சி செய்துகொண்டே, கலங்கரை விளக்கம் போல ரேடியோ அலைகளை வீசும். அந்தத் துடிப்புகள் கடிகாரத்தைப் போல் ஒழுங்கானவை. அவை சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் வந்தால், அந்த விண்மீனை ஏதோ ஒன்று அங்குமிங்கும் இழுக்கிறது என்று பொருள். லைன் கண்ட ஆட்டம் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை திரும்பியது. உலகமெங்கும் செய்தியாயிற்று. வேறொரு விண்மீனின் கோளை மனிதன் முதன்முறையாகக் கண்டுவிட்டான் என்று கொண்டாடினார்கள்.

சில மாதங்கள் கழித்து, தம் கணக்கைத் தாமே மீண்டும் சோதித்தபோது லைன் பிழையைக் கண்டார். நாம் நிற்கும் பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றவில்லை. சற்று நீண்ட வட்டத்தில் சுற்றுகிறது. அதனைக் கணக்கில் முறையாகக் கழிக்காமல் விட்டிருந்தார்கள். ஆட்டம் அந்த விண்மீனில் இல்லை. அளந்தவர் நின்ற தரையில் இருந்தது. அத்தா சொன்ன கேஜ் ஸ்டாண்ட்தான்.

1992 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வானியலாளர்களின் மாநாடு நடந்தது. தாம் கண்ட கோளைப் பற்றிப் பேச லைன் அழைக்கப்பட்டிருந்தார். அவர் மேடையேறி, அப்படி ஒரு கோள் இல்லை, பிழை எங்களுடையது, என்று சொல்லி அதன் காரணத்தையும் விளக்கினார். அவர் பேசி முடித்ததும் அந்தச் சபை எழுந்து நின்று கைதட்டியது.

அவரை அடுத்துப் பேச வந்தவர் அலெக்சாண்டர் வோல்ஷான். புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியைக் கொண்டு, ஏறத்தாழ 2,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள வேறொரு துடிப்பு விண்மீனை அவர் ஆராய்ந்திருந்தார். அவரும் டேல் ஃப்ரெயிலும் அதனைச் சுற்றி இரண்டு கோள்களைக் கண்டார்கள். ஒன்று 66 நாள்களிலும் மற்றொன்று 98 நாள்களிலும் சுற்றுகின்றன. லைனின் பிழை இதிலும் உண்டா என்று சோதித்தார்கள். இல்லை. பிறகு 1994-இல் மூன்றாவது கோளும் அங்கே உறுதியாயிற்று. நம் சூரியனுக்கு அப்பால் ஐயமற உறுதி செய்யப்பட்ட முதல் கோள்கள் அவையே. 1995-இல் சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றுக்கும் ஒரு கோளைக் கண்டறிந்தார்கள். இன்று அவற்றின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் நேரில் கண்டதில்லை. தாய் விண்மீனின் ஆட்டத்தையோ, ஒளி சற்றே மங்குவதையோ கொண்டே அறிகிறார்கள்.

அட்லாண்டாவில் சபை எழுந்து நின்றதை மாமா சொன்னபோது நாங்கள் மூவரும் ஒன்றையே நினைத்தோம். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், பாலக்கரையில் ஒரு பள்ளிவாசலில் ஒரு லேத் தொழிலாளி எழுந்து நின்றதும் அதே செயல்தான். அவருக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை என்பது எங்களுக்கு ஆறுதல்.

அறிவு இல்லாத ஒன்றைப் பின்தொடராதிருக்கவும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று அஞ்சி வாழவும் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஹதீஸ்களைத் திரட்டிய இமாம்கள் ஒரு செய்தியைக் கேட்டதும், இதனை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் நேரில் கேட்டாரா என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். அந்த மரபில் வந்த நாம், இன்று ஒரு செய்தி கைப்பேசியில் வந்ததும் அடுத்த நொடியில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். திருமறையின் 86-ஆம் அத்தியாயம் இரவில் வரும் விண்மீனின் பெயரைத் தாங்கியது. அது துடிப்பு விண்மீனைத்தான் குறிக்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றி முழங்கும் காணொளிகளையும் நாம் பகிர்கிறோம். இறைவனின் சொல்லுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிச் செய்கிறோம். ஆனால் நாளை அந்த விளக்கம் தவறினால், தவறியது நம் அவசரம் என்று எழுந்து நின்று சொல்ல நம்மில் எத்தனை பேர் இருப்போம்?

விடைபெறும் முன் மாமா இன்னொன்றும் சொன்னார். ஆந்த்ரொமீடா விண்மீன் கூட்டத்தில், நம்மிடமிருந்து 44 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விண்மீன் இருக்கிறது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கோள்கள் இருப்பது 1999-இல் முதன்முதலாக அங்கேதான் தெரியவந்தது. 2015-இல் அவற்றுக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பு மொராக்கோ நாட்டு வானியல் ஆர்வலர்களுக்குக் கிடைத்தது. விண்மீனுக்குத் தங்கள் தெதுவான் நகரின் பழம் பெயரான தித்தாவின் என்பதைச் சூட்டினார்கள். கோள்களுக்கு ஸஃப்ஃபார், ஸம்ஹ், மஜ்ரீத்தி என்று பெயரிட்டார்கள். மூவரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூசியாவில் வாழ்ந்த வானியல் அறிஞர்கள். மஸ்லமா அல்மஜ்ரீத்தி ஆசிரியர். மற்ற இருவரும் அவருடைய மாணவர்கள். அல்குவாரிஸ்மியின் வானியல் அட்டவணைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், குர்துபா நகரின் இருப்பிடத்துக்கும் ஹிஜ்ரி ஆண்டுக்கும் ஏற்பத் திருத்தி அமைத்தவர் மஜ்ரீத்தி. ஸஃப்ஃபார் நாலரை நாள்களுக்குச் சற்றே கூடுதலான காலத்திலும், ஸம்ஹ் 241 நாள்களிலும், வெளிப்புறத்தில் மஜ்ரீத்தி ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளிலும் தித்தாவினைச் சுற்றி வருகின்றன. கார்த்திகை, மார்கழி இரவுகளில் வட வானத்தில் அந்த விண்மீனை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கோள்கள் தெரியா. இன்று நம் கண்ணை வந்தடையும் அதன் ஒளி புறப்பட்ட நாளில், எங்கள் அத்தா பொன்மலையில் லேத்தின் முன் நின்றுகொண்டிருந்தார்.

அதன் பின் வந்த பிறை மாதத்தில், இருபத்தொன்பதாம் மாலை, நாங்கள் மூவரும் எங்கள் பிள்ளைகளுடன் அத்தாவின் மொட்டை மாடிக்கு ஏறினோம். நெடுநாள் நின்றுபோயிருந்த வழக்கம் அது. சற்று நேரத்தில், மலைக்கோட்டைக்கு இடப்புறம், எங்கள் கண்ணுக்குப் பிறை தெரிந்தது போல் இருந்தது. எங்களுள் ஒருவர் விரலை நீட்டி, கடைக்குட்டியிடம், "அதோ, தெரியுதாத்தா?" என்று கேட்டார். கேட்டபோது அவர் குரல் நடுங்கியது.

பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தது. "இல்லையே. எனக்குத் தெரியலையே" என்றது.

நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

கண்டதைக் கண்டேன் என்றும், காணாததைக் காணவில்லை என்றும், பிழையாகக் கண்டதைப் பிழை என்றும் சொல்லும் துணிவை வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. எங்கள் அத்தாவின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமிக்கதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.